முன்பணம் கொடுக்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீர்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதம். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் மஞ்சள் பை நிறைய மண். குவைத்தில் ஏழு ஆண்டுகள் ஓட்டுநர் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மூன்று ஏக்கர் வாங்கப் போவதாகச் சொன்னார். சின்ன வெங்காயமும் முருங்கையும் போட வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த உரம், எவ்வளவு என்று கேட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

தண்ணீரைச் சோதித்தோம். மின்கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேல் காட்டியது. பாசன நீரில் இது 0.75-க்குள் இருந்தால் கவலையில்லை, 2.25-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. வெங்காயமோ உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களில் ஒன்று.

"முன்பணம் கொடுத்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"போன மாசமே ரெண்டு லட்சம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டாச்சு சார். அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் வத்திக் கிடக்கு. இதுல மட்டும் தண்ணி ததும்பி நிக்குது. அதைப் பார்த்துத்தான் கொடுத்தேன்."

சுற்றிலும் கிணறுகள் வற்றிய கோடையில் ஒரு கிணறு மட்டும் ததும்பி நின்றால், அந்தத் தண்ணீரை யாரும் இறைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஏன் இறைக்கவில்லை என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

முதன்முதலாக நிலம் வாங்குகிறவர்கள் பலர் இப்படித்தான் வருகிறார்கள். முன்பணம் முதலில் போகிறது, மண்ணும் தண்ணீரும் பிறகு வருகின்றன. ஆண்டுக்கணக்கில் குத்தகைக்கு உழுதவர், மில் வேலையில் சேமித்தவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெறப் போகும் ஆசிரியர் என்று எல்லாரும் இதில் உண்டு. அவர்களிடம் நிலம் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. வாங்குங்கள். ஒரு ஏக்கர் போதும், 60 சென்ட்கூடப் போதும், தொடங்கலாம். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டிய வரிசையில் பாருங்கள். என் வரிசை இது: தண்ணீர், மண், தடம், பத்திரம், கடைசியில் விலை. தரகர் விலையிலிருந்து தொடங்குவார். அது அவர் தொழில், அவரைக் குறை சொல்ல முடியாது.

நிற்கும் தண்ணீரும் ஊறும் தண்ணீரும்

கிணற்றை எட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. நில உரிமையாளரிடம் அனுமதி கேட்டு மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீர் மட்டத்தை நன்றாக இறக்குங்கள். சுவரில் அடையாளம் வைத்துவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். எத்தனை அடி ஏறியிருக்கிறதோ அதுதான் உங்கள் கிணறு. வாரக்கணக்கில் மோட்டார் போடாமல் வைத்திருந்து காட்டும் தண்ணீர் அந்த ஒரு நாளைக்கு மட்டுமே.

ஆழ்துளைக் கிணறு என்றால் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அல்ல, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு. 40 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது அந்த மோட்டார் 11 மணி நேரம் ஓட வேண்டும். உங்கள் பகுதியில் மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தத் தண்ணீரில் எத்தனை ஏக்கர் பிழைக்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சொட்டுநீர் அமைத்தால் இதே தண்ணீர் இன்னும் அதிகப் பரப்புக்கு வரும். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழகத்தில் 100 சதவீத மானியம் உண்டு. 5 ஏக்கருக்குள் வைத்திருப்போர் இதில் வருவார்கள்.

பங்குக் கிணறு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 'கிணற்றில் நாலில் ஒரு பங்கு' என்று பத்திரத்தில் எழுதியிருக்கும். ஆனால் முறை எந்த நாள், எத்தனை மணி நேரம், மோட்டார் யாருடையது, மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, ஆழப்படுத்தினால் செலவை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் வாய்மொழியாகவே இருக்கும். மற்ற மூன்று பங்காளிகளையும் நேரில் பார்த்துப் பேசாமல் அந்த நிலத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இலவச மின் இணைப்பு உள்ள நிலம் என்று சொன்னால், அது எந்தப் புல எண்ணில், எந்தக் கிணற்றுக்குக் கொடுக்கப்பட்டது என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். புதிதாக இலவச இணைப்புக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களிடம் கேட்டால் இதன் அருமை தெரியும்.

உப்பு விஷயத்தில் ஊரின் வரலாற்றையும் கேளுங்கள். நொய்யல் கரையில் சாயக்கழிவு சேர்ந்து கிணறுகள் கெட்டதை, ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள விவசாயிகள் உங்களுக்குச் சொல்வார்கள். டெல்டாவின் கடைமடையில் கடல்நீர் உட்புகுந்த இடங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் நல்ல தண்ணீரும் உண்டு, கெட்ட தண்ணீரும் உண்டு. நீங்கள் வாங்கப்போகும் கிணற்றில் எது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தண்ணீர் அறிக்கையில் மின்கடத்தும் திறனோடு 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' என்ற எண்ணையும் பாருங்கள். 1.25-க்குள் இருந்தால் நல்லது, 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீர் நாளடைவில் நல்ல மண்ணையும் களராக்கிவிடும்.

மூன்றடிக் குழி

மண்ணைப் பொறுத்தவரை நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாராளமானவன். தழைச்சத்து குறைவு, கரிமச்சத்து அரை சதவீதத்துக்கும் கீழே என்று அறிக்கை வந்தால் அதற்காக நிலத்தைத் தள்ள வேண்டாம். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி என்று விதைத்து மடக்கி உழுதும், தொழுவுரம் இட்டும் சில ஆண்டுகளில் தேற்றிவிடலாம். விலை பேசும்போது அந்த அறிக்கை உங்களுக்கு உதவியாகவும் இருக்கும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்தால் களர். ஜிப்சம் இட்டு, வடிகால் எடுத்துத் திருத்த முடியும், ஆனால் அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். தண்ணீரை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்த முடியாதது ஆழம். மேலே சிவந்து பொலபொலவென்று இருக்கும் நிலத்தில் ஒன்றரை அடிக்குக் கீழே சரளையோ சுக்கான்கல்லோ பாறையோ இருக்கலாம். நிலக்கடலை அதில் வரும். தென்னையும் மாவும் முதல் சில ஆண்டுகள் நன்றாக வந்து, பிறகு திணறும். அதனால் நான்கு மூலைகளில் இல்லாவிட்டாலும், மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று இடத்தில் மூன்றடிக் குழி தோண்டிப் பாருங்கள். இரண்டு ஆள் கூலியில் முடிகிற வேலை. குழி தோண்ட விடமாட்டேன் என்று சொல்கிற உரிமையாளரிடம் நிலம் வாங்க வேண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீமைக்கருவேலம் மண்டி, வரப்பு உடைந்து, பார்ப்பதற்கே மனம் வராத நிலங்கள் இருக்கும். அவற்றில் மூன்றடி ஆழம் மண்ணும் ஓரளவு நல்ல தண்ணீரும் இருந்தால், முதன்முதலாக வாங்குபவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தென்னையும் வீடும் வேலியும் இருக்கிற தோட்டத்தில் அவற்றுக்கெல்லாம் சேர்த்து விலை சொல்வார்கள். முள்காட்டில் மண்ணுக்கு மட்டும் விலை. இயந்திரம் வைத்து வேரோடு எடுத்துச் சமன் செய்யும் செலவை முன்கூட்டியே கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

என் வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுவது

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இரண்டு ஏக்கர் செம்மண் பூமி வாங்கினேன். நான்கு குழி தோண்டினேன். தண்ணீரைச் சோதித்தேன். வில்லங்கச் சான்றை வரி வரியாகப் படித்தேன். பாதையைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பக்கத்துக் காட்டின் வரப்போரமாக வண்டி போய்வந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் விற்றவரின் பங்காளி. பங்காளி என்பதால் அவருக்கு விட்ட வழி, எனக்கு விட்டதாக ஆகாது என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் ஆண்டு நிலக்கடலை நன்றாக வந்தது. அறுவடை நேரத்தில் தடத்தில் முள் வெட்டிப் போடப்பட்டிருந்தது. மூட்டைகளைத் தலைச்சுமையாகத்தான் வெளியே கொண்டுவந்தோம். உழவு ஓட்டுபவர் அடுத்த பருவம் வர மறுத்தார். இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 10 அடி அகலம், ஏறக்குறைய 300 அடி நீளம், கணக்குப் பார்த்தால் 7 சென்ட், அதைச் சென்ட் விலையில் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். அதிலும் ஒரு தவறு. 10 அடியில் அறுவடை இயந்திரம் திரும்ப முடியவில்லை, 14 அடி கேட்டிருக்க வேண்டும். "நாலு குழி தோண்டத் தெரிஞ்ச டாக்டருக்கு, நடந்து வந்த வழி யாருதுன்னு கேக்கத் தெரியல" என்று என் மனைவி இன்றும் சொல்கிறார். பதில் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடமோ இணையத்திலோ புலப்படம் எடுங்கள். பொதுப் பாதை உங்கள் புல எண்ணைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால், இடையில் இருக்கும் நிலத்தின் உரிமையாளர் உங்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள், மாடு, வண்டி, வாகனம் போய்வரப் பாத்தியம், இத்தனை அடி அகலம், எந்த வரப்போரமாக என்று அளவோடு எழுதிப் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் தன் பத்திரத்தில் 'மாமூல் தடம்' என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. தடம் அடுத்தவர் நிலத்தில் இருக்கிறதே!

தாள்கள்

பத்திரங்களைப் படிக்க ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். விற்பவர் சொல்லும் வழக்கறிஞர் வேண்டாம், நீங்களே ஒருவரைத் தேடுங்கள். அவரிடம் போகுமுன் நீங்களும் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டாவும் பத்திரமும் ஒரே பெயரில், ஒரே பரப்பில் இருக்கின்றனவா? பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். பத்திரத்தில் 2 ஏக்கர், பட்டாவில் 72 ஏர் என்றால், பட்டாப்படி இருப்பது 1 ஏக்கர் 78 சென்ட்தான். மீதி 22 சென்ட் எங்கே என்பதற்குப் பதில் கிடைத்த பிறகே பேச்சு. நில அளவரை வைத்து அளந்து, அளந்த பரப்புக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்காவது போட்டுப் பாருங்கள். ஆனால் அதில் பதிவான நடவடிக்கைகள்தான் வரும். பதிவு செய்யாத பாகப்பிரிவினை, வாரிசு உரிமை எல்லாம் அதில் வராது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நகலை மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம்.

பரம்பரைச் சொத்தில் அதிகம் சிக்கல் வருவது பெண்களின் பங்கில்தான். 'தங்கச்சிக்குக் கல்யாணத்துல செஞ்சாச்சு, அவ வரமாட்டா' என்று அண்ணன்மார்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்து இல்லாமல் வாங்கியவர்கள், பத்து ஆண்டு கழித்து நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். தமிழகத்தில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் மகள்களின் உரிமையைச் சட்டம் உறுதி செய்திருக்கிறது. அந்தத் தங்கை கையெழுத்துப் போடுவது உங்களுக்குப் பாதுகாப்பு மட்டுமல்ல, அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேருகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும்கூட. வாரிசுகளில் 18 வயது நிறையாதவர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும் என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் நிலம், நீர்நிலைப் புறம்போக்கு, நிபந்தனையோடு அரசு ஒப்படைத்த நிலம், இவற்றின் பக்கமே போகாதீர்கள். விலை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும். அ-பதிவேட்டைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். நிலத்தில் வேறொருவர் குத்தகைக்கு உழுகிறாரா என்று அடங்கலில் மட்டும் பார்க்காமல், காலையில் ஒரு நடை போய் நேரிலும் பாருங்கள். குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவரை விலக்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்ற வாய்வார்த்தை பின்னால் நிற்காது.

'பண்ணை மனை' என்ற பெயரில் 10 சென்ட், 20 சென்ட் எனப் பிரித்து, தேக்கும் செம்மரமும் நட்டுப் பராமரித்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரு வரி. 1990-களில் தேக்குத் திட்டங்களில் பணம் போட்டு இழந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். அவர்களைப் போய்ப் பாருங்கள்.

கையில் உள்ள பணத்தில் மூன்றில் இரண்டு

15 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சத்துக்கும் நிலம் வாங்கினால் மறுநாள் மோட்டார் பழுது பார்க்கக் கடன் வாங்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் முதலிலேயே போய்விடும். மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. செலவு குறைகிறது என்பதற்காக மட்டுமல்லாமல், வயலில் பாதிக்கு மேல் வேலை செய்பவர் அவர்தான் என்பதற்காகவும் வீட்டுப் பெண்ணின் பெயரைப் பரிசீலியுங்கள். நிலமில்லாத ஆதிதிராவிட, பழங்குடியினப் பெண் விவசாயத் தொழிலாளர்களுக்குத் தாட்கோ வழியாக நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. நிலத்தின் மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். இதைப் படிக்கும் விரிவாக்கப் பணியாளர்கள், தகுதியுள்ள ஒருவரையாவது மாவட்ட தாட்கோ அலுவலகத்துக்குக் கையோடு அழைத்துப் போங்கள். விண்ணப்பம் எழுதுவதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

என் கணக்கு, பதிவுச் செலவு உட்பட மூன்றில் இரண்டு பங்கு நிலத்துக்கு, ஒரு பங்கு கையில். அந்த ஒரு பங்கில்தான் வேலி, குழாய், சமன் செய்தல், முதல் இரண்டு பருவச் சாகுபடி எல்லாம். வேலி செலவு எல்லாருடைய மதிப்பீட்டையும் தாண்டும்; மயிலும் காட்டுப்பன்றியும் உள்ள ஊர் என்றால் சொல்லவே வேண்டாம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். நிலப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. உங்களுக்கும் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது.

'நிலம் விலை ஏறும் சார், வித்தா நாலு மடங்கு' என்பார்கள். ஏறலாம். ஆனால் அவசரத்துக்கு விற்கப் போனால் ஆள் கிடைக்காது, கிடைத்தால் கேட்ட விலை கிடைக்காது. 30 லட்சம் விலையுள்ள ஏக்கரில் செலவு போக ஆண்டுக்கு 60,000 நின்றால் அது 2 சதவீதம். வட்டிக்கு வாங்கிய பணத்தை இந்த வருமானத்தில் அடைக்க முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தை விட்டு நான்கு கிலோமீட்டர் உள்ளே போங்கள். மண் அங்கும் அதே மண்தான், விலை வேறு.

இன்னும் மனம் துணியவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. வாங்க நினைக்கும் ஊரில், முடிந்தால் அதே நிலத்தை, ஓராண்டு குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். ஐப்பசியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, சித்திரையில் கிணறு எவ்வளவு இறங்குகிறது, களை எடுக்க ஆள் வருகிறார்களா, பக்கத்துக் காட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் எந்தச் சான்றிலும் வராது. ஓராண்டில் தானாகத் தெரிந்துவிடும்.

குவைத்திலிருந்து வந்த அந்தத் தம்பி அப்படித்தான் செய்தார். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசியதில் இரண்டு லட்சத்தில் ஒரு லட்சம்தான் திரும்பி வந்தது. மீதியைத் தலைமுழுகிவிட்டு, வேறு ஊரில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து இரண்டு போகம் வெங்காயம் போட்டார். முதல் போகத்தில் கோழிக்கால் நோய் வந்து அடி. இரண்டாவது பரவாயில்லை. போன தை மாதம் அதே ஊரில், கிணற்றில் பாதிப் பங்கோடு 1 ஏக்கர் 20 சென்ட் பதிவு செய்திருக்கிறார். மூன்று ஏக்கர் கனவு அப்படியே இருக்கிறதாம், பக்கத்து நிலம் விலைக்கு வரும்வரை காத்திருக்கிறார்.

மாதிரி எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு தண்ணீர் பிடியுங்கள். குளிர்பானப் பாட்டிலாக இருந்தால் அதே தண்ணீரில் மூன்று முறை நன்றாகக் கழுவி, அரை லிட்டர் பிடித்து மூடி, மறுநாளுக்குள் ஆய்வுக்கூடம் சேருங்கள். மண்ணுக்கு 10 முதல் 15 இடங்களில் மேலே உள்ள சருகை விலக்கி, 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து ஒன்றாகக் கலந்து அரை கிலோ போதும். எருக்குவித்த இடம், மரத்தடி, வரப்போரம் வேண்டாம். நீங்கள் தோண்டிய மூன்றடிக் குழியின் அடிமண்ணைத் தனிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பைகளின் மேல் புல எண்ணை எழுதுங்கள். மாவட்ட மண் ஆய்வுக்கூடத்திலும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் வாங்கும் கட்டணம், தரகரோடு நிலம் பார்க்கப் போய்வரும் பெட்ரோல் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.